வைல்ட்ஃப்ளை சர்வரோடு ஜாவா டெவலப்மென்ட் சூழலை அமைப்பது: முழுமையான வழிகாட்டி

டீமுக்குப் புதிதாக வருபவர்கள் முதல் நாளே கோடு எழுதும் மென்பொருளான எக்லிப்ஸைத் திறக்கிறார்கள். அதற்குள்ளேயே சர்வரைச் சேர்த்து, ப்ராஜெக்டை இழுத்துப் போட்டு, ரன் பட்டனை அமுக்குகிறார்கள். திரை முழுக்கச் சிவப்பு வரிகள் ஓடுகின்றன. கோளாறு ஜேடிகேயிலா (ஜாவாவைக் கம்பைல் செய்து ஓட்டும் தொகுப்பு), சர்வரிலா, மேவனிலா (ப்ராஜெக்டைக் கட்டும் கருவி), டேட்டாபேஸிலா, எக்லிப்ஸிலா? ஐந்தையும் ஒரே நேரத்தில் சேர்த்துவிட்டதால் எதைச் சந்தேகிப்பது என்றே தெரியாது. இப்படித் தொடங்கி ஒரு வாரத்தைத் தொலைத்தவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அதனால் இங்கே சொல்லும் வரிசையை மாற்றாதீர்கள். முதலில் ஜேடிகே, பிறகு சர்வர் தனியாக, பிறகு ஒரு சின்ன வார் கோப்பு (சர்வரில் ஏற்ற ஒரே கோப்பாகக் கட்டிய அப்ளிகேஷன்), பிறகு டேட்டாபேஸ். ஐடிஈ, அதாவது எக்லிப்ஸ் போன்ற கோடு எழுதும் மென்பொருள், கடைசியில்தான். ஒவ்வொன்றும் தனியாக ஓடுவதைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும்.

உதாரணத்துக்கு, ஜாவா அப்ளிகேஷன்களை ஓட்டும் வைல்ட்ஃப்ளை சர்வரையும் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸையும் எடுத்துக்கொள்கிறேன். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறேன்; கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும்.

1. தொடங்கும் முன்: எந்தப் பதிப்பு என்று முடிவு செய்யுங்கள்

எதையும் டவுன்லோடு செய்வதற்கு முன், ப்ரொடக்ஷனில் (பயனர்கள் பயன்படுத்தும் உண்மையான சர்வரில்) எந்தப் பதிப்பு வைல்ட்ஃப்ளை ஓடுகிறது என்று டீமில் கேளுங்கள். அதே பதிப்பைத்தான் உங்கள் கணினியிலும் வைக்க வேண்டும். புதியதுதானே நல்லது என்று கடைசிப் பதிப்பை இறக்கினால், உங்களிடம் ஓடுவது அங்கே ஓடாது. சில நேரம் அங்கே ஓடுவது உங்களிடம் ஓடாது.

இதில் மிக முக்கியமான எல்லைக்கோடு வைல்ட்ஃப்ளை 27. சர்வர் அப்ளிகேஷன்களுக்கான ஜாவா தரமான ஜாவா ஈஈ, ஜகார்த்தா ஈஈயாக மாறியபோது, ஜகார்த்தா ஈஈ 9இல் பேக்கேஜ் பெயர்கள் எல்லாம் 'ஜாவாஎக்ஸ்' என்பதிலிருந்து 'ஜகார்த்தா' என்று மாறின. வைல்ட்ஃப்ளை 26 வரை பழைய பெயர். 27 முதல் புதிய பெயர். உங்கள் ப்ராஜெக்டில் ஏதாவது ஒரு சர்வ்லெட் அல்லது ரெஸ்ட் கிளாஸை (பிரவுசரின் கோரிக்கைக்குப் பதில் தரும் கோடு) திறந்து இம்போர்ட் வரிகளைப் பாருங்கள். 'ஜாவாஎக்ஸ்.சர்வ்லெட்' என்று இருந்தால் 26 அல்லது அதற்கு முந்தையது, 'ஜகார்த்தா.சர்வ்லெட்' என்று இருந்தால் 27 அல்லது அதற்குப் பிந்தையது.

இதைக் கவனிக்காமல் விட்டால் பெரும்பாலும் எரர் கூட வராது. பழைய பெயர் கொண்ட வாரைப் புதிய சர்வரில் போட்டால், டெப்ளாய் ஆகிவிட்டது, அதாவது சர்வரில் ஏறிவிட்டது என்றே லாக் சொல்லும். பிரவுசரில் திறந்தால் 404. பழைய பெயரில் கோடில் எழுதிய அனோட்டேஷன்களை ('@' குறியோடு வரும் குறிப்புகள்) சர்வர் அடையாளமே காணவில்லை, அவ்வளவுதான். எரர் இல்லாத கோளாறுதான் ஆளை அதிகம் அலைக்கழிக்கும்.

பழைய ப்ராஜெக்டைப் புதியதற்கு மாற்றும் வேலை உங்களிடம் வந்தால் ஒரு எச்சரிக்கை. 'ஜாவாஎக்ஸ்' என்று இருக்கும் இடமெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிடாதீர்கள். ஜாவாஎக்ஸ்.எஸ்க்யூஎல், ஜாவாஎக்ஸ்.நேமிங், ஜாவாஎக்ஸ்.கிரிப்டோ ஆகியவை ஜேடிகேயோடு வருபவை. அவற்றின் பெயர் மாறவில்லை, இனியும் அப்படியே இருக்க வேண்டும்.

மற்றபடி மேவன் 3, போஸ்ட்கிரஸ் இரண்டும் போதும். மெமரி 8 ஜிபி இருந்தால் ஓட்டலாம். ஐடிஈ, சர்வர், டேட்டாபேஸ், பிரவுசர் எல்லாம் சேர்ந்தால் மூச்சு முட்டும். 16 ஜிபி இருந்தால் நிம்மதி.

2. ஜேடிகே: ஒன்றே ஒன்று, எல்லா இடத்திலும் அதே

புதிய வைல்ட்ஃப்ளைக்கு ஜாவா 17 அல்லது 21 பொருத்தமானது. நிறுவிய பிறகு ஜாவா_ஹோம் என்ற என்விரான்மென்ட் வேரியபிளை அமைக்க வேண்டும். சர்வரைத் தொடங்கும் ஸ்கிரிப்ட்டும் மேவனும் அதைப் பார்த்துத்தான் எந்த ஜாவா என்று முடிவு செய்கின்றன.

இங்கே இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. ஒன்று, ஜாவா_ஹோமுக்கு ஜேடிகேயின் உள்ளே ஓட்டும் கோப்புகள் இருக்கும் 'பின்' ஃபோல்டரின் பாதையைக் கொடுப்பது. அதற்கு ஒரு படி மேலே உள்ள ஃபோல்டரைத்தான் கொடுக்க வேண்டும். இன்னொன்று, வேரியபிளை மாற்றிவிட்டு ஏற்கெனவே திறந்திருக்கும் டெர்மினலிலேயே சோதிப்பது. மாற்றம் அதற்குத் தெரியாது. மூடிவிட்டுப் புதிதாகத் திறங்கள்.

அடுத்து 'ஜாவா -வெர்ஷன்', 'எம்விஎன் -வெர்ஷன்' இரண்டையும் ஓட்டுங்கள். இரண்டும் ஒரே ஜாவா எண்ணைச் சொல்ல வேண்டும். வேறு வேறு எண் வந்தால் பாத் வேரியபிளில் பழைய ஜாவா ஒன்று முன்னால் நிற்கிறது என்று பொருள். அதை இப்போதே சரிசெய்யுங்கள்.

பின்னால் எப்போதாவது 'அன்சப்போர்ட்டட் கிளாஸ் வெர்ஷன்' என்ற எரர் வந்தால் அதில் ஓர் எண் இருக்கும். 52 என்றால் ஜாவா 8, 55 என்றால் 11, 61 என்றால் 17, 65 என்றால் 21. எந்த ஜாவாவில் கம்பைல் ஆகி எந்த ஜாவாவில் ஓடப் பார்க்கிறது என்பது அந்த எண்ணிலேயே தெரிந்துவிடும்.

3. சர்வரைத் தனியாக ஓட்டிப் பாருங்கள்

வைல்ட்ஃப்ளைக்கு இன்ஸ்டாலர் எதுவும் தேவையில்லை. ஜிப் கோப்பை விரித்தால் போதும். எங்கே விரிக்கிறீர்கள் என்பதில்தான் கவனம் வேண்டும். விண்டோஸில் 'ப்ரோகிராம் ஃபைல்ஸ்' வேண்டாம்: பாதையில் இடைவெளி இருக்கிறது, எழுதும் அனுமதியிலும் சிக்கல் வரும். சி டிரைவில் 'சர்வர்ஸ்' என்று நேராக ஒரு ஃபோல்டர் போதும். லினக்ஸில் உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள்ளேயே வையுங்கள்.

லினக்ஸில் சூடோ (ரூட் அதிகாரத்தோடு ஓட்டும் கட்டளை) போட்டு ஓட்டவே ஓட்டாதீர்கள். ஒருமுறை ஓட்டினாலும் லாக், டேட்டா, டெம்ப் ஃபோல்டர்களில் உருவாகும் கோப்புகள் ரூட் பெயரில் ஆகிவிடும். மறுநாள் சாதாரணமாகத் தொடங்கினால் அனுமதி இல்லை என்று நின்றுவிடும். அப்புறம் அதற்கும் சூடோ போடத் தோன்றும். கடைசியில் ஐடிஈயிலிருந்து தொடங்கவே முடியாமல் போகும்.

சர்வரின் 'பின்' ஃபோல்டரில் 'ஸ்டாண்டலோன்' ஸ்கிரிப்ட்டை ஓட்டுங்கள். சர்வர் ஓடத் தொடங்கியதும் லாக்கின் கடைசியில் 0025 என்று முடியும் குறியுடன் ஒரு வரி வரும். நல்லபடியாகத் தொடங்கியது என்று அர்த்தம். அதுவே 0026 என்று இருந்தால், தொடங்கியது, ஆனால் சில சர்வீஸ்கள் தோற்றுவிட்டன என்று பொருள். இரண்டு வரியிலும் 'ஸ்டார்ட்டட்' என்ற சொல் இருப்பதால் பலர் வித்தியாசத்தைக் கவனிப்பதில்லை. எண்ணைப் பாருங்கள்.

பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் 8080ஐத் திறந்தால் வரவேற்புப் பக்கம் வரும். 9990 நிர்வாகப் பக்கத்துக்கான, அதாவது கன்சோலுக்கான போர்ட். அதில் நுழைய 'ஆட்-யூசர்' ஸ்கிரிப்ட் மூலம் ஒரு பயனரை உருவாக்க வேண்டும். அது முதலில் கேட்பது மேனேஜ்மென்ட் யூசரா, அப்ளிகேஷன் யூசரா என்றுதான். கன்சோலுக்கு மேனேஜ்மென்ட் யூசர்தான் தேவை. அவசரத்தில் இன்னொன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பாஸ்வேர்டு தவறு என்று நினைத்துத் திரும்பத் திரும்ப அடிப்பவர்கள் நிறைய.

8080இல் ஏற்கெனவே ஜென்கின்ஸோ டாம்கேட்டோ ஓடினால் சர்வர் அந்தப் போர்ட்டைப் பிடிக்க முடியாது. போர்ட்-ஆஃப்செட் 100 என்று கொடுத்துத் தொடங்கினால் 8080 என்பது 8180 ஆகவும், 9990 என்பது 10090 ஆகவும் மாறும். டீபக் போர்ட்டான 8787 (படி 7இல் வரும்) மட்டும் இந்தக் கணக்கில் வராது. அதைத் தனியாகத்தான் மாற்ற வேண்டும்.

உங்கள் ப்ராஜெக்டில் மெசேஜிங் (ப்ரோக்கர் வழியாகச் செய்திகளை அனுப்பிப் பெறுவது) இருந்தால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சாதாரண ஸ்டாண்டலோன்.எக்ஸ்எம்எல்லில் மெசேஜ் ப்ரோக்கர் கிடையாது. அதற்கு ஸ்டாண்டலோன்-ஃபுல்.எக்ஸ்எம்எல்லைக் குறிப்பிட்டுத் தொடங்க வேண்டும். எதை வைத்துத் தொடங்குகிறீர்கள் என்பதை இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். பின்னால் செய்யும் எல்லா மாற்றமும் அந்த ஒரு கோப்பில்தான் சேரும்.

4. ஒரு சின்ன வாரைக் கட்டி, கையால் போடுங்கள்

டீமின் பெரிய ப்ராஜெக்டை இன்னும் தொடாதீர்கள். ஒரே ஒரு சர்வ்லெட் மட்டும் உள்ள மேவன் ப்ராஜெக்ட் போதும். இது ஓடிவிட்டால் ஜேடிகே, மேவன், சர்வர் மூன்றும் ஒத்துப்போகின்றன என்று உறுதியாகிவிடும்.

மேவனின் அமைப்புக் கோப்பான பாம்.எக்ஸ்எம்எல்லில் மூன்று விஷயங்கள். பேக்கேஜிங் 'வார்' என்று இருக்க வேண்டும். ஜகார்த்தா ஈஈ ஏபிஐ டிபெண்டென்சியின் (ப்ராஜெக்ட் நம்பியிருக்கும் லைப்ரரி) ஸ்கோப் 'ப்ரொவைடட்' என்று இருக்க வேண்டும். 'ஃபைனல்நேம்' என்பதில் பதிப்பு எண் இல்லாத ஒரு பெயர் வேண்டும்.

ப்ரொவைடட் எதற்கு? அந்த ஏபிஐ சர்வருக்குள்ளேயே இருக்கிறது. நீங்களும் ஒரு பிரதியை வாருக்குள் வைத்தால் ஒரே பெயரில் இரண்டு கிளாஸ்கள் வந்து மோதும். பெயர் ஒன்றாகவே இருக்கும், ஆனாலும் ஒன்றை மற்றொன்றாக மாற்ற முடியாது என்று கிளாஸ்காஸ்ட் எரர் வரும். ஹைபர்னேட் என்ற டேட்டாபேஸ் லைப்ரரியின் ஜார் கோப்புகளுக்கும் இதே கதைதான். மேவன் 'க்ளீன் பேக்கேஜ்' ஓட்டிய பிறகு வாரைத் திறந்து, 'வெப்-இன்ஃப்' உள்ளே இருக்கும் 'லிப்' ஃபோல்டரை ஒருமுறை கண்ணால் பாருங்கள். இந்தச் சின்ன ப்ராஜெக்டில் அங்கே எந்த ஜாரும் இருக்கக் கூடாது.

ஃபைனல்நேம் எதற்கு என்றால், வார் கோப்பின் பெயர்தான் முகவரியின் பாதையாக மாறுகிறது. 'கணக்கு-1.0-ஸ்னாப்ஷாட்' என்ற பெயரில் வார் இருந்தால் முகவரியிலும் அது அப்படியே ஒட்டிக்கொள்ளும். பிறகு 'லோக்கல்ஹோஸ்ட் 8080/கணக்கு' என்று தேடினால் 404 வராமல் என்ன செய்யும்?

இப்போது வாரை 'ஸ்டாண்டலோன்' ஃபோல்டருக்குள் இருக்கும் 'டெப்ளாய்மென்ட்ஸ்' ஃபோல்டரில் காப்பி செய்யுங்கள். சர்வர் அந்த ஃபோல்டரை 5 நொடிக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டிருக்கும். வாரின் பெயரோடு '.டெப்ளாய்டு' என்று முடியும் குட்டிக் கோப்பு பக்கத்தில் தோன்றினால் வெற்றி. '.ஃபெயில்டு' என்று வந்தால் அந்தக் கோப்பையே திறந்து படியுங்கள். காரணம் சுருக்கமாக அதிலேயே இருக்கும். முழு விவரம் 'லாக்' ஃபோல்டரில் சர்வர்.லாக் கோப்பில் கிடைக்கும்.

வாராக இல்லாமல் விரித்த ஃபோல்டராகப் போட்டால் சர்வர் தானாக எடுத்துக்கொள்ளாது. '.டூடெப்ளாய்' ('செய்' என்று பொருள்படும் 'டூ') என்று முடியும் வெற்றுக் கோப்பு ஒன்றை நீங்களே உருவாக்க வேண்டும். பாதி காப்பி ஆன ஃபோல்டரை எடுத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள்.

5. டேட்டாபேஸை இணைப்பது

அதிக நேரம் விழுங்குவது இந்தப் படிதான். இதை டிரைவர் (டேட்டாபேஸோடு பேசும் லைப்ரரி), டேட்டாசோர்ஸ் (சர்வரில் பதியும் இணைப்பு விவரம்), அப்ளிகேஷன் என்று மூன்று துண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதலில் டிரைவர். போஸ்ட்கிரஸ் டிரைவர் ஜாரை டெப்ளாய்மென்ட்ஸ் ஃபோல்டரில் போட்டாலே சர்வர் எடுத்துக்கொள்ளும். சுலபம்தான். ஆனால் அப்போது டிரைவரின் பெயர், அந்த ஜார் கோப்பின் பெயராகவே ஆகிவிடும். அதில் பதிப்பு எண் இருக்கும். ஆறு மாதம் கழித்து ஜாரைப் புதுப்பித்தால் பெயர் மாறி, டேட்டாசோர்ஸ் அறுந்து நிற்கும். அதனால் மாட்யூலாக (சர்வர் தன்னிடம் நிலையாக வைக்கும் லைப்ரரியாக) சேர்ப்பதையே நான் எப்போதும் சொல்லுவேன்.

சர்வரின் கட்டளை வரிக் கருவியான சிஎல்ஐயில் 'மாட்யூல் ஆட்' கட்டளை இதற்கானது. அது 'மாட்யூல்ஸ்' ஃபோல்டரின் கீழ் உங்கள் டிரைவருக்கென்று இடம் உருவாக்கும். 'மாட்யூல்ஸ்' உள்ளே 'சிஸ்டம்' என்று ஒன்று இருக்கிறது. அது சர்வருக்குச் சொந்தமானது, அதில் எதையும் கையால் வைக்காதீர்கள். பழைய வழிகாட்டிகளில் பார்த்த டிபெண்டென்சி பெயர்களை அப்படியே எழுதாமல், உங்கள் பதிப்பில் அவை இருக்கின்றனவா என்று 'சிஸ்டம்/லேயர்ஸ்/பேஸ்' ஃபோல்டரில் பார்த்துவிட்டு எழுதுங்கள். பெயர் தவறினால் டிரைவர் ஏறாது.

அடுத்து டேட்டாசோர்ஸ். இதில் ஜேஎன்டிஐ பெயர்தான் (அப்ளிகேஷன் அதைத் தேடும் பெயர்) உயிர்நாடி. 'ஜாவா:ஜேபாஸ்/டேட்டாசோர்சஸ்/கணக்குடிஎஸ்' என்று சர்வரில் வைத்தால், அப்ளிகேஷனின் பெர்சிஸ்டன்ஸ்.எக்ஸ்எம்எல்லில் 'ஜேடிஏ-டேட்டா-சோர்ஸ்' என்ற இடத்திலும் எழுத்துக்கு எழுத்து அதேதான் இருக்க வேண்டும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம்கூட ஆகாது. எங்கள் டீமில் ஒருவர் இரண்டு முழு நாள் டேட்டாபேஸ் பாஸ்வேர்டையும் ஃபயர்வாலையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் பார்த்தால் ஒரு பக்கம் 'டேட்டாசோர்சஸ்', மறுபக்கம் 'டேட்டாசோர்ஸ்'. அவரிடம் திறமைக் குறைவு எதுவும் இல்லை. அப்ளிகேஷனை ஏற்றிய பிறகுதான் இணைப்பைச் சோதித்தார். கோளாறு எந்தத் துண்டில் என்று பிரித்துப் பார்க்க வழியில்லாமல் போனது.

அதனால் அப்ளிகேஷனை ஏற்றுவதற்கு முன்பே, டேட்டாசோர்ஸைத் தனியாகச் சோதியுங்கள். 'டெஸ்ட்-கனெக்ஷன்-இன்-பூல்' என்று சிஎல்ஐயில் ஓர் ஆபரேஷன் இருக்கிறது; 9990 கன்சோலிலும் இதற்கான பட்டன் உண்டு. இது வெற்றி என்றால் டிரைவர், முகவரி, 5432 போர்ட், பயனர், பாஸ்வேர்டு ஐந்தும் சரி. அதற்கு மேல் வரும் கோளாறு பெரும்பாலும் உங்கள் அப்ளிகேஷன் பக்கம்தான்.

டெப்ளாய் தோற்று, லாக்கில் 'மிஸ்ஸிங் டிபெண்டென்சீஸ்' என்று நீளமாக ஒரு பட்டியல் வந்தால் பயப்பட வேண்டாம். அது ஒரே ஒரு காரணத்தின் வால்தான். பட்டியலில் 'மிஸ்ஸிங்' என்று குறித்திருக்கும் பெயரை மட்டும் தேடுங்கள். அதில் டேட்டாசோர்ஸ் பெயர் தெரிந்தால் மற்ற இருபது வரிகளும் அதை நம்பி நின்றவை.

பாஸ்வேர்டை எக்ஸ்எம்எல்லில் நேராக எழுதாமல், என்விரான்மென்ட் வேரியபிளிலிருந்து எடுக்கும்படி வையுங்கள். ஒரு பொறி உண்டு: லினக்ஸில் பாஷ்ஆர்சி கோப்பில் எழுதிய வேரியபிள் டெர்மினலுக்குத் தெரியும், டெஸ்க்டாப் ஐகானிலிருந்து திறந்த ஐடிஈக்குப் பல நேரம் தெரியாது. டெர்மினலில் ஓடியது ஐடிஈயில் ஓடவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போது ஸ்டாண்டலோன்.எக்ஸ்எம்எல்லை எடிட்டரில் திறந்து மாற்றாதீர்கள். சிஎல்ஐ வழியாகவோ கன்சோல் வழியாகவோ அடுத்த மாற்றம் நடக்கும்போது சர்வர் தன் நினைவில் உள்ளதை அந்தக் கோப்பின் மேல் எழுதிவிடும். நீங்கள் கையால் செய்தது காணாமல் போகும். ஏற்கெனவே கெடுத்துவிட்டீர்களா? 'கன்ஃபிகரேஷன்' ஃபோல்டரில் 'ஸ்டாண்டலோன்_எக்ஸ்எம்எல்_ஹிஸ்டரி' இருக்கிறது. கடைசியாக நல்லபடியாக இருந்த பிரதி அங்கே கிடைக்கும்.

6. இப்போது ஐடிஈ

எக்லிப்ஸ் என்றால் என்டர்பிரைஸ் ஜாவாவுக்கான தொகுப்பைத்தான் இறக்க வேண்டும். சாதாரண ஜாவா தொகுப்பில் சர்வர் வசதிகள் இல்லை. அதன் மேல் ஜேபாஸ் டூல்ஸை மார்க்கெட்பிளேஸிலிருந்து சேர்த்தால் வைல்ட்ஃப்ளை பட்டியலில் வரும். ப்ராஜெக்டைக் கொண்டுவரும்போது 'எக்ஸிஸ்டிங் மேவன் ப்ராஜெக்ட்' என்பதையே தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் பாம்.எக்ஸ்எம்எல்லில் உள்ள டிபெண்டென்சிகளை எக்லிப்ஸ் கண்டுகொள்ளாது.

இன்டெல்லிஜே என்றால் அப்ளிகேஷன் சர்வர் வசதி கட்டணப் பதிப்பில்தான். இலவசமாகக் கிடைப்பதை வைத்திருப்பவர்கள் மனம் தளர வேண்டாம். சர்வரை டெர்மினலில் ஓட்டி, வைல்ட்ஃப்ளை மேவன் ப்ளகின் மூலம் டெப்ளாய் செய்து, ரிமோட் டீபக் மூலம் இணைந்தால் வேலை முழுதாக நடக்கும். என்ன நடக்கிறது என்பது கண்முன்னே தெரிவதால் புதியவர்களுக்கு இதையே முதலில் பரிந்துரைக்கிறேன்.

ஐடிஈயில் ஜாவா மூன்று இடங்களில் வருகிறது: ஐடிஈ தானே ஓடுவது, ப்ராஜெக்டைக் கம்பைல் செய்வது, சர்வரை ஓட்டுவது. இரண்டாவதும் மூன்றாவதும் படி 2இல் நிறுவிய அதே ஜேடிகேயைச் சுட்ட வேண்டும். முதலாவதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

ஐடிஈயிலிருந்து தொடங்கும் முன் இரண்டு சுத்தம் செய்யுங்கள். டெர்மினலில் ஓடும் சர்வரை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் போர்ட் மோதும். படி 4இல் கையால் போட்ட வாரை அழியுங்கள், இல்லாவிட்டால் அதுவும் ஐடிஈ ஏற்றுவதும் ஒரே பாதைக்குச் சண்டை போடும்.

7. டீபக் செய்யும்போது

ஸ்டாண்டலோன் ஸ்கிரிப்ட்டுக்கு '--டீபக்' கொடுத்தால் 8787இல் காத்திருக்கும். ஐடிஈயில் ரிமோட் டீபக் என்று லோக்கல்ஹோஸ்ட், 8787 கொடுத்து இணையுங்கள். இந்தப் போர்ட்டுக்குப் பாஸ்வேர்டு எதுவும் கிடையாது. எல்லா முகவரிக்கும் திறந்துவைத்தால் அதே நெட்வொர்க்கில் உள்ள யாரும் உங்கள் கணினியில் கோடு ஓட்டலாம். லோக்கல்ஹோஸ்ட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒரு மெத்தடுக்குள் உள்ள வரிகளை மாற்றினால், சர்வரை நிறுத்தாமலேயே மாற்றம் ஏறும். புதிய மெத்தடு, புதிய ஃபீல்டு சேர்த்தால் ஏறாது. ரீடெப்ளாய் செய்தே ஆக வேண்டும்.

ப்ரேக்பாயின்ட்டில் (கோடு நிற்கும்படி குறித்த வரியில்) நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போய் வந்தால், கோடில் இல்லாத ஒரு ரோல்பேக் எரர் (டேட்டாபேஸ் வேலை ரத்தானது என்று) வரவேற்கும். ட்ரான்சாக்ஷனுக்கு இயல்பாக 300 நொடிதான் கெடு. அது பிழையில்லை. மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

ஒரே நாளில் பலமுறை ரீடெப்ளாய் செய்தால் 'மெட்டாஸ்பேஸ்' (கிளாஸ் விவரங்களை ஜாவா வைக்கும் மெமரி) நிரம்பிவிட்டது என்று எரர் வரலாம். 'பின்' ஃபோல்டரில் ஸ்டாண்டலோன்.கான்ஃப் கோப்பில் அதன் அளவு 256 எம்பி என்று இருக்கும், 512 ஆக்குங்கள். விண்டோஸில் ஸ்டாண்டலோன்.கான்ஃப்.பேட். அப்படியும் நிரம்பினால் சர்வரை ஒருமுறை நிறுத்தித் தொடங்குவதுதான் வழி.

8. செய்ததையெல்லாம் ஒரு ஸ்கிரிப்ட்டில் எழுதி, கோடின் பதிப்புகளைச் சேமிக்கும் 'கிட்'டில் வையுங்கள்

படி 5இல் சிஎல்ஐயில் அடித்த கட்டளைகளை 'செட்டப்.சிஎல்ஐ' என்ற ஒரு கோப்பில் வரிசையாக எழுதுங்கள். முதல் வரி 'எம்பெட்-சர்வர்', கடைசி வரி 'ஸ்டாப்-எம்பெட்டட்-சர்வர்'. இடையில் மாட்யூல், டிரைவர், டேட்டாசோர்ஸ். இப்படி எழுதினால் சர்வர் ஓடாத நிலையிலேயே கன்ஃபிகரேஷன் மாறும். இணைப்புச் சோதனையை மட்டும் இதில் சேர்க்க வேண்டாம். அதற்குச் சர்வர் உண்மையாகவே ஓட வேண்டும்.

ஸ்டாண்டலோன்.எக்ஸ்எம்எல்லையே கிட்டில் வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். அது சர்வரின் பதிப்போடு மாறும் கோப்பு. பழைய பதிப்பின் கோப்பைப் புதியதில் வைத்தால், உங்கள் பத்து வரி எது, சர்வரின் வரி எது என்று பிரிக்கவே முடியாது. ஸ்கிரிப்ட்டில் உங்கள் பத்து வரி மட்டும் இருக்கும்.

இந்த ஸ்கிரிப்ட்டை ஒரே சர்வரில் இரண்டாம் முறை ஓட்டினால், மாட்யூல் ஏற்கெனவே இருக்கிறது என்று நின்றுவிடும். அது சரிதான், புதிதாக விரித்த சர்வருக்காக எழுதப்பட்டது அது.

எழுதியது சரியா என்று பார்க்க, சர்வர் ஃபோல்டரை முழுவதும் அழித்துவிடுங்கள். ஜிப்பை மறுபடி விரியுங்கள், ஸ்கிரிப்ட்டை ஓட்டுங்கள், சர்வரைத் தொடங்குங்கள், 0025 வருகிறதா என்று பாருங்கள், இணைப்பைச் சோதியுங்கள், அப்புறம் டீமின் ப்ராஜெக்டை ஏற்றுங்கள். எங்காவது நின்றால், கையால் செய்துவிட்டு ஸ்கிரிப்ட்டில் எழுத மறந்த வரி ஒன்று இருக்கிறது. அதைச் சேர்த்துவிட்டு மறுபடி அழித்து, முதலிலிருந்து ஒருமுறை ஓட்டுங்கள்.